தெய்வாத்தாளின் கிணறு நின்ற இடம்

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள், ஊர் மதியச் சோறு உண்டுவிட்டுக் கண்ணயர்ந்த வேளையில், சின்னக்காளிவலசுத் தெய்வாத்தாளின் கிணறு இருந்த இடத்தை விட்டு எழுந்து, வரப்பைத் தாண்டி, முப்பதடி மேற்கே போய் உட்கார்ந்துகொண்டது. கல்கட்டு கலையவில்லை, படி ஒன்றுகூட உதிரவில்லை, சுவரிடுக்கில் கூடு கட்டியிருந்த குருவிகள் பதறிப் பறக்கவும் இல்லை. பழைய இடத்தில் மண் தானாக மூடிக்கொண்டு, என்றைக்கும் அங்கே கொள்ளு விதைத்து வந்தது போலச் சமமாகக் கிடந்தது. வாளியோடு வந்த தெய்வாத்தாள் வெற்று மண்ணைச் சற்றுநேரம் பார்த்தாள், பிறகு முப்பதடி நடந்துபோய்ப் புதிய இடத்தில் வாளியை இறக்கினாள். தண்ணீர் அதே தண்ணீர்தான். மேலே கத்திரிப்பூ நிறத்தில் ஓர் ஆடை, கிட்டே போனால் மூக்கைத் துளைக்கும் காரநெடி.

"எடத்த மாத்தத் தெரிஞ்ச உனக்கு நெறத்த மாத்தத் தெரியலியா?" என்று கிணற்றைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான் அவளுடைய ஆச்சரியம்.

அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு, புருஷன் போய்ப் பதினொரு வருஷம், மகள் கட்டிக்கொடுத்த ஊரில். நான்கு ஏக்கர் தோட்டத்தை ஒற்றை ஆளாக நின்று மஞ்சளும் மரவள்ளியும் விளைவித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் கிணற்றில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் ஊறியது, அம்மன் குங்குமம் கரைத்திருக்கிறாள் என்று ஊரே வந்து கும்பிட்டுச் சொம்பில் பிடித்துக்கொண்டு போனது. மறுவாரம் நீலம் ஊறியபோது அம்மனுக்கு நீலத்தில் என்ன வேலை என்று ஊருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அதன் பிறகு எல்லா நிறமும் கலந்து வந்தது, மஞ்சள் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது, சினையாக இருந்த இரண்டு பசுக்கள் அடுத்தடுத்துக் குறைமாதத்தில் கன்றை வீசின. அன்றிலிருந்து அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். இந்தத் தண்ணீரைக் கெடுத்தவன் யாரென்று தெரிய வேண்டும், அவன் கையாலேயே இதைச் சுத்தம் செய்ய வைக்க வேண்டும், கண்ணை மூடுவதற்குள் அந்தக் கிணற்றில் தெளிந்த தண்ணீராக ஒரு வாளி இறைத்துவிட வேண்டும். இன்றைக்காவது தெளிந்திருக்குமா என்று தினமும் மதியம் ஒரு வாளி இறைத்துப் பார்ப்பாள், பார்த்துவிட்டு ஊற்றிவிடுவாள்.

மனுக் கொடுக்கப் போன இடமெல்லாம் அவள் கூடவே போனவன் அண்ணன் நாச்சிமுத்து. ஊருக்கு மேற்கே இருந்த சாயப்பட்டறைதான் காரணம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான், கிணறு காக்கும் குழு என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவராகிப் பந்தல் போட்டு உட்கார்ந்தவனும் அவன்தான். "எந்தங்கச்சி கெணத்துல சாயத்தக் கலந்தவன நான் சும்மா உடமாட்டேன்" என்று அவன் ஒலிபெருக்கியில் சொல்லும்போது தெய்வாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் அவள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். உனக்கு நான், எனக்கு நீ என்று ஊர் முன்னால் பிடித்த பிடி. அந்தப் பிடியை அவள் மனதால் ஒருநாளும் விட்டதில்லை.

போன பொங்கலுக்கு நாச்சிமுத்து அந்தப் பக்கத்து அண்ணன்மார் யாரும் செய்யாததைச் செய்தான். ஓடையோரம் இருந்த தன் இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டைத் தங்கச்சி பேருக்குத் தானமாக எழுதிவைத்தான். பத்திர ஆபீசுக்கு அவனே அழைத்துக்கொண்டு போனான், காட்டிய இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். நான்கு பக்கம் இருந்த பத்திரத்தை அவள் படிக்கவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, எட்டாவது வரை போனவள்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சீரைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. தட்டை வாங்கி, கண்ணில் ஒற்றி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். சேலையில் கிழிசல் உண்டா, பழத்தில் அழுகல் உண்டா என்று அண்ணன் முன்னால் பார்க்கிறவள் கூடப்பிறப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கணக்கு. பொங்கலன்று சீர்த்தட்டில் அரக்குச் சேலைக்கு அடியில் அந்தப் பத்திரம் வந்தது. ஒற்றிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தட்டில் விழ, ஊர்ப் பெண்கள் எல்லாம் அவரவர் அண்ணன்மாரை மனதுக்குள் வைதுகொண்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கிணறு நடந்தது. முதல் நாள் முப்பதடி, மறுநாள் நாற்பது, மூன்றாம் நாள் பக்கத்துக் காட்டுக்குள். எப்போதும் மதியத் தூக்கத்தின் போதுதான். விழித்துக் காத்திருந்தவர்களும் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அது நடந்துவிட்டிருக்கும். பக்கத்துக் காட்டுக்காரன் முதலில் சண்டைக்கு வந்தான், பிறகு கிணறு தானாக வந்து தங்கிய காடு என்று ஆளுக்கொரு பேச்சு எழுந்ததும் சாந்தமாகி மஞ்சளும் பூவும் கொண்டுவந்து வைத்தான். மின்சார வாரிய ஆட்கள் மோட்டாருக்கு வயர் இழுத்து இழுத்துக் கடைசியில் கம்பத்தையே வண்டியில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். கிணற்றடியில் டீக்கடை போட்ட மாரக்காள் தினமும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினாள். தார்ச்சாலையின் நடுவில் அது ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தபோது ஏழாம் நம்பர் பஸ் காட்டுவழியாகச் சுற்றிப் போனது, பயணிகள் ஜன்னல் வழியாகச் சில்லறையை விட்டெறிந்து கும்பிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் குப்புராஜ் மட்டும் நொந்துபோனார். எந்தப் புல எண்ணில் கிணற்றை எழுதுவது என்று தெரியாமல் பென்சிலால் எழுதி, மறுநாள் அழித்து, அதற்கும் மறுநாள் அழித்து, அடங்கல் பதிவேட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது.

மாவட்டத் தலைநகரில் புதிதாகத் திறந்திருந்த நிலநீர் ஆய்வு அலுவலகத்திலிருந்து ஜெசிந்தா என்ற தென்மாவட்டத்து அதிகாரி கண்ணாடிப் புட்டிகளோடு வந்து சேர்ந்தாள். நல்ல பெண்தான், ஆனால் படிவத்தைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்காதவள்.

"ஏம்மா, கிணறு இருக்கிற இடம்னு இதுல ஒரு கட்டம் இருக்கு. நான் என்னத்த எழுத?"

"போயிட்டிருக்குதுன்னு எழுதுங்க கண்ணு" என்றாள் தெய்வாத்தாள்.

ஜெசிந்தா அப்படியே எழுதி அனுப்பினாள். நின்ற பிறகு அனுப்பவும் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

கிணறு எங்கே போகிறது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. நேர் மேற்கு, சாயப்பட்டறைதான். தன்னைக் கெடுத்தவனின் வாசலில் போய் நின்று நியாயம் கேட்கப் போகிறது என்று குழந்தைகள்கூடச் சொன்னார்கள். பட்டறைக்காரர்கள் சுற்றுச்சுவரை உயர்த்தினார்கள், வாசலில் பூசணிக்காய் கட்டினார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று பெயர்ப்பலகையையும் மாற்றிக்கொண்டார்கள். நாச்சிமுத்து மேளக்காரர்களுக்குச் சொல்லிவைத்தான். கிணற்றுக்கு முன்னால் மாலையோடு நடந்து, "எந்தங்கச்சி கெணறு வருது, வழி உடுங்க" என்று கூவினான். இருபத்தெட்டு நாள் அவன் அப்படிக் கூவினான்.

இருபத்தொன்பதாம் நாள் கிணறு வேலமரத்தடியில் தெற்கே திரும்பியது.

மேளம் கொஞ்சம் தடுமாறி நின்றது. அடுத்த நாள் இன்னும் தெற்கு. ஊர்வலத்தில் ஆள் குறையத் தொடங்கியது. முதலில் நின்றுகொண்டவன் மூட்டை தூக்கும் சென்னியப்பன், அவனுக்கு இடுப்புப் பிடிப்பாம். அப்புறம் டிராக்டர் வைத்திருந்த இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை வந்தது. குப்புராஜுக்கு மேலதிகாரியின் கூட்டம். நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல். முப்பத்தைந்தாம் நாள் கிணற்றின் பின்னால் தெய்வாத்தாளும் மாரக்காளும் அடுப்பும்தான் மிச்சம்.

"ஏனக்கா, எல்லாரும் எங்க போய்ட்டாங்க?" என்று தெய்வாத்தாள் கேட்டதற்கு மாரக்காள் டம்ளரை இரண்டு தரம் கழுவினாள்.

நாற்பத்தோராம் நாள் கிணறு ஓடைக்காட்டுக்குள் நுழைந்து, நட்டநடுவில் சோளத்தட்டைகளை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அதன் பிறகு நகரவே இல்லை. அண்ணன் சீராகக் கொடுத்த காடு அது. கிணறும் கடைசியில் தன் பிறந்த வீட்டுக் காட்டுக்கே வந்துவிட்டது என்றுதான் தெய்வாத்தாள் முதலில் சந்தோஷப்பட்டாள். அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகப் பின்னால் பலநாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கிணறு நின்ற செய்தி போனதும் ஜெசிந்தா இயந்திரத்தோடு வந்தாள். கிணற்றைச் சுற்றி இரண்டடி தோண்டியதுமே முதல் மூட்டை வந்தது, அது சிவப்பு. அடுத்தது நீலம், அடுத்தது பச்சை. அந்தக் காட்டில் முன்பு ஒரு கல்லுக்குழி இருந்தது. சின்ன வயதில் அண்ணனும் அவளும் அதில் இறங்கி நத்தை பொறுக்கியிருக்கிறார்கள். குழி தூர்ந்து சோளக்காடானது எப்படி என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. சாயக்கழிவு மூட்டைகளை அடுக்கி, மேலே இரண்டடி செம்மண்ணைப் போட்டு, அதன்மேல் சோளம் விதைத்திருந்தது. மூன்று நாளில் நானூறு மூட்டைக்கு மேல் எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்தினார்கள். மூட்டைகளில் கசிந்ததெல்லாம் ஓடைப் பாறை வழியே நேராக அவளுடைய கிணற்றுக்கு ஊறி வந்திருக்கிறது.

நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. சட்டம் எளிமையானது, ஜெசிந்தா அதைப் படித்தே காட்டினாள். மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்தவர் யாரென்று சாட்சியோடு நிறுவ முடிந்தால் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. முடியாவிட்டால், நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பொறுப்பு. விசாரணை முடியும்வரை நிலம் கைமாறக் கூடாது.

"மார்கழியிலயே கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம் போட்டு எல்லாருக்கும் இத விளக்கிச் சொன்னோமே" என்றாள் ஜெசிந்தா. "உங்க ஊர்லருந்து குழுத் தலைவர் வந்து, முன்வரிசையில உக்காந்து, நாலு கேள்விகூடக் கேட்டாரே."

மார்கழியில் கூட்டம், தையில் சீர். தெய்வாத்தாள் எழுந்து வீட்டுக்குப் போனாள். பிறகு பெட்டியிலிருந்த பத்திரத்தை எடுத்து முதல்முறையாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மேற்படி நிலத்தின் மேலும் கீழும் உள்ள நன்மை தீமை யாவும் இன்று முதல் தங்களையே சேரும்.

அவள் போனபோது நாச்சிமுத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், "அம்மணி, வா, ஒரு வாய் சாப்புடு" என்றான், எப்போதும் போல.

"ஏனுங்ண்ணா, குழியில என்ன கெடக்குதுன்னு தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தீங்களா?"

அவன் கையைக் கழுவினான். துண்டில் துடைத்தான். மறுக்கவில்லை, அதுதான் அவளை வெட்டிப்போட்டது.

"பட்டறைக்காரன் குழிய மட்டும்தான் கேட்டான், அதுக்குள்ள என்ன போடுவான்னு எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சப்ப நேரங் கடந்துபோச்சு. எம்பேருல இருந்தா என்னையப் புடிச்சு உள்ள வெச்சிருவாங்க அம்மணி. நீ மனுக் குடுத்தவ, பொம்பள, புருசன் இல்லாதவ, உன்னைய ஆரு என்ன பண்ணுவா? நா உள்ள போய்ட்டா நாளைக்கு உனக்குச் சீரு ஆரு செய்வா, சொல்லு?"

அவன் அதை உண்மையாகவே கேட்டான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. தெய்வாத்தாள் வாசற்படி இறங்கி வந்துவிட்டாள். இரண்டு வருஷம் அவளுக்காக ஒலிபெருக்கியில் அழுத குரல் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

ஆடியில் விசாரணை. கிணற்றடியில் நாற்காலி போட்டு ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள், ஊர் மொத்தமும் நின்றிருந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒவ்வொருவராக வந்து தெய்வாத்தாளுக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். பொறந்த வூட்டக் காட்டிக் குடுக்கறதா, அண்ணன் எழுதிவெச்ச காட்டுல நின்னுட்டு அண்ணனையே சொல்றதா என்று. காட்டிக்கொடுத்தது யார் என்று ஊருக்கு எவ்வளவு சுலபமாகக் குழம்பிவிடுகிறது பாருங்கள்.

"குழியில மூட்டை போட்டது யாரும்மா?" என்றாள் ஜெசிந்தா.

"பட்டறைக்காரன். எடங் குடுத்தது எங்கண்ணன் நாச்சிமுத்து."

"சாட்சி?"

தெய்வாத்தாள் திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பனின் நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது, அவன் கையைக் கட்டி அக்குளுக்குள் வைத்துக்கொண்டான். டிராக்டர்க்காரர்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள், மழை வருமா என்று. கிணற்றுக்குப் பூ வைத்தவர்கள், பஸ்ஸைச் சுற்றி விட்டவர்கள், மேளம் கொட்டியவர்கள் எல்லோரும் நின்றார்கள். கல்லுக்குழி இருந்ததாகவே பதிவில் இல்லை என்றார் குப்புராஜ். மாரக்காள் வாயைத் திறந்தாள், கடைக்குக் கடன் கொடுத்திருந்தவர் அவளைப் பார்த்தார், அவள் மூடிக்கொண்டாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, கிணறு தெற்கே திரும்பிய அன்றைக்கல்ல, அதற்கும் வெகு முன்பே. தெரியாமல் இருந்தது தான் ஒருத்திதான் என்று தெய்வாத்தாளுக்கு அப்போது புரிந்தது.

அவள் வாளியை இறக்கி, இறைத்து, ஒரு சொம்பில் ஊற்றி அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"நீங்க குடுத்த காடு, அதுல நிக்கற தண்ணி. குழியில கெடந்தது உங்களுக்குத் தெரியாதுங்கறது சத்தியமுன்னா குடிங்ண்ணா. குடிச்சுப்போட்டீங்கன்னா நா சொன்னது பொய்யின்னு இங்கயே எழுதிக் குடுத்தர்றேன்."

நாச்சிமுத்து சொம்பை வாங்கினான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பிறகு ஊரே பார்த்திருக்கத் தூக்கி உதட்டருகே கொண்டுபோனான், கத்திரிப்பூ நிறம் அவன் மீசையில் பட்டது, "ஐயோ அண்ணா!" என்று கத்திக்கொண்டு தெய்வாத்தாள் பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள்.

சொம்பு உருண்டு ஓடியது. ஊர் மூச்சு விட்டது. "பாத்தீங்களா, அவளே தட்டி உடறா. பொய்யின்னு அவளே ஒத்துக்கிட்டா" என்று ஒரு குரல் வந்தது, பிறகு பல குரல்கள். ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமல் 'சாட்சி இல்லை' என்று எழுதினாள்.

தெய்வாத்தாள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொம்பு நிறையத் தண்ணீர், பித்தளைச் சொம்பு. பிடித்திருந்தவன் கையிலிருந்து அது அவ்வளவு லேசாகப் போயிருக்கக் கூடாது. அவன் விரல்கள் அதைப் பிடித்திருக்கவே இல்லை, வெறுமனே ஒட்டி வைத்திருந்தன. தங்கச்சி தட்டிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். இணைச்சீர்ச் சேலையின் மறுமுனையை அவள் விடமாட்டாள் என்று தெரிந்துதான் அவன் சொம்பைத் தூக்கினான். நிலத்தை எழுதிவைத்ததைக்கூட ஒருநாள் அவள் பொறுத்திருப்பாள், இதைப் பொறுக்க முடியவில்லை.

சுத்தம் செய்யும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. மாடுகள் போயின, பிறகு தோட்டத்தில் பாதி போனது. அதை வாங்கக் கேட்டு வந்த முதல் ஆள் நாச்சிமுத்து, அவள் வெளியூர்க்காரருக்குக் கொடுத்தாள். லாரி லாரியாக மூட்டைகள் எங்கோ இருந்த அபாயக் கழிவுக் காப்புக் கிடங்குக்குப் போயின. கெட்ட மண்ணை வழித்து எடுத்தார்கள், கிணற்றை இறைத்து இறைத்துத் தண்ணீரைத் தொட்டி வண்டியில் ஏற்றினார்கள். கடைசி மூட்டை போன மறுநாள், மதியத் தூக்கத்தில், கிணறு எழுந்து, வந்த வழியே திரும்பாமல், நேராக ஊருக்குள் வந்து தெய்வாத்தாளின் வீட்டு வாசலை அடைத்தாற்போல உட்கார்ந்தது. வாளியை இறக்கிப் பார்த்தாள், தண்ணீர் தெளிந்திருந்தது. இந்த முறை யாரும் மாலை கொண்டுவரவில்லை. குப்புராஜ் மட்டும் வந்து அளந்து, இனி நகராது என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு மையால் பதிந்தார்.

தை பிறந்தது. பொங்கலன்று காலை நாச்சிமுத்து சீர்த்தட்டோடு வந்தான், வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பின்னால் கரும்பு தூக்கிய ஆள், எப்போதும் போல. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. தங்கச்சி தட்டை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், எல்லோரும் நிம்மதியாகப் பொங்கல் வைக்கலாம். வாசலில் கிணறு இருந்ததால் அவன் இந்தப் பக்கமும் அவள் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். அவன் கிணற்றுக்கு மேலாகக் கைகளை நீட்டித் தட்டைக் கொடுத்தான்.

தெய்வாத்தாள் வாங்கினாள். கண்ணில் ஒற்றவில்லை. தட்டைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, மேலே இருந்த சேலையை எடுத்து உதறினாள். முந்தி முதல் உள்தலைப்பு வரை விரித்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வாழைப்பழத்தை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். வெற்றிலைகளைப் பிரித்தாள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினாள். தெருவில் ஒரு பெண் 'ஆத்தா' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்துவின் கைகள் தட்டைக் கொடுத்த நிலையிலேயே நீண்டிருந்தன, இழுத்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. ஐம்பத்தொன்பது வயது முகம் ஒரு நொடியில் யாருமற்றவன் முகமாகிவிட்டது.

எல்லாவற்றையும் பார்த்து முடித்து, சேலையை மடித்துத் தட்டிலேயே வைத்து, அவள் மரியாதையாகச் சொன்னாள்:

"தப்பா நெனச்சுக்காதீங்ண்ணா. அடியில காயிதம் ஏதாச்சும் இருக்குதான்னு பாத்தேன்."